கீமோ நடக்கும் அம்மாவுக்கு நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை, சாப்பாட்டாலும் நடையாலும் சரியாகுமா?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அம்மாவுக்கு வயிறு உப்பி, வாந்தியும் இருந்து, காத்துகூடப் பிரியலைன்னா இதைப் படிச்சுக்கிட்டு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. குடல் அடைப்பா இருக்கலாம். அப்படி இல்லைன்னாலும் நாலு நாள் ஆயிடுச்சு, இன்னைக்கே கீமோ போடுற இடத்துக்குப் போன் போட்டுச் சொல்லுங்க.

நான் டாக்டர் இல்ல. நிணநீர்ப் புற்றுநோய்க்கு 6 கீமோ போட்ட அம்மாவைக் கூடவே இருந்து பார்த்த மகள். "எங்க பாட்டி விளக்கெண்ணெய் கொடுத்தே சரி பண்ணுனாங்க"ன்னு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கீமோ ஓடுற உடம்புக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது.

ரெண்டாவது கீமோ முடிஞ்ச வாரம். "வெளிக்குப் போனியாம்மா?"ன்னு கேட்டா, "அதெல்லாம் போச்சுத்தா, நீ சோலியப் பாரு"ன்னு சொல்லிட்டாங்க. நாலாம் நாள்தான் "கொஞ்சம் இறுக்கமா இருக்கு"ன்னு வாயைத் திறந்தாங்க. நார்ச்சத்து நல்லதுன்னு நான் இசப்கோல்ங்கிற நார்ச்சத்துப் பொடியை வாங்கி, அரை டம்ளர் தண்ணியில ரெண்டு ஸ்பூன் போட்டுக் கொடுத்தேன். குமட்டல்ல அவங்க நாள் முழுக்கக் குடிச்சதே மூணு டம்ளர்தான். தண்ணி பத்தலைன்னா அது உள்ளுக்குள்ள பசை மாதிரி அடைச்சுக்கும்னு எனக்கு அப்பத் தெரியாது. மறுநாள் பாத்ரூமுக்குள்ள முனகல் சத்தம். கதவைத் தள்ளிப் பார்த்தா, ரெண்டு கையாலயும் தண்ணிக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு, முடி கொட்டின தலையைச் சுவத்துல முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருக்காங்க. கழுத்தெல்லாம் வேர்வை. இன்னைக்கும் அது கண்ணுக்குள்ள நிக்குது.

பக்கத்து வீட்டுச் சித்தி எனிமா வச்சுவிடச் சொன்னாங்க. வாங்கியும் வந்துட்டேன். நல்ல வேளை, வைக்கிறதுக்கு முன்னாடி நர்சுக்குப் போன் பண்ணினேன். "வெள்ளை அணு இறங்கியிருக்கிற நேரம்மா, பின்வழியா எதையும் வைக்காதீங்க. சின்னக் கீறல் பட்டாலே கிருமி ரத்தத்துல ஏறிடும்"னு சத்தம் போட்டாங்க. கூட்டிட்டுப் போய்க் காட்டினப்பதான் டாக்டர் காரணம் சொன்னார். அம்மாவுக்குப் போன வின்கிரிஸ்டின்ங்கிற கீமோ மருந்து குடலோட நரம்பையே மந்தமாக்குமாம். வாந்தி நிக்கறதுக்குக் கொடுக்குற ஓண்டான்செட்ரானும் இறுக்குமாம். வலிக்கு டிரமடால், மார்ஃபின் எடுக்குறவங்களுக்கு இன்னும் மோசமாம். இதைக் கீரை மட்டும் கொடுத்து இளக்க முடியாது. மூணாவது கீமோவுல இருந்து, மருந்து ஏறுன அன்னைக்கு ராத்திரியே மலமிளக்கி சிரப்பும் ஆரம்பிச்சோம். அதுக்குப் பிறகுதான் சாப்பாடும் நடையும் பலன் தந்துச்சு.

பார்க்க வர்றவங்க கொண்டு வந்த பிரெட், பிஸ்கட்டை எல்லாம் நிறுத்தினேன். புடலங்காய்க் கூட்டு, பீர்க்கங்காய், நல்லா வேகவச்ச கீரை, உரிச்சுச் சாப்பிடுற கற்பூரவள்ளிப் பழம். உலர் திராட்சையைக் கொதிக்கவச்சு அந்தத் தண்ணியோட கொடுப்பேன். ஆனா கீமோவோட அஞ்சு நாள் ஸ்டீராய்டு மாத்திரை இருந்தா சர்க்கரை ஏறும், அந்த நாள்ல பழத்தைக் குறைச்சுக்கங்க. வெந்நீரை ஒரே மூச்சா குடிக்கச் சொல்லாம, அரை மணிக்கு ஒரு தடவை அரை டம்ளர். காலையில இட்லி சாப்பிட்ட இருபது நிமிஷத்துல, வந்தாலும் வராட்டியும் போய் உட்காரணும். சாப்பாடு இறங்கும்போதுதான் குடல் தானா அசையும். வெஸ்டர்ன் டாய்லெட்னா காலுக்கு அடியில ஒரு குட்டி முக்காலி போடுங்க, முக்க வேண்டியிருக்காது.

நடைக்கு மொட்டை மாடிதான் வசதியா இருந்துச்சு. அம்மாவுக்கு என்ன நோய்னு தெரிஞ்சதும் ஹவுஸ் ஓனர் மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுட்டார். துணி காயப்போடுற இடமாம், மத்த குடித்தனக்காரங்க சங்கடப்படுறாங்களாம். புற்றுநோய் ஒட்டிக்குமா? இருபது வருஷம் ஒரு மாசம்கூட வாடகை பாக்கி வைக்காதவங்க எங்க அம்மா. அந்தப் பூட்டை என்னால மன்னிக்க முடியலை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனா சொல்லாம இருக்க முடியலை.

அப்புறம் விடியக்காலையில, கூட்டம் சேருறதுக்கு முன்னாடி, மாஸ்க் போட்டு மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு பக்கமே ஏறத்தாழ 1000 அடி வரும். முதல் வாரம் பாதிப் பக்கம் நடந்துட்டுக் கல்கட்டுல உட்கார்ந்துடுவாங்க. அஞ்சாவது கீமோ சமயத்துல ரெண்டு பக்கம் நடந்தாங்க. சோர்வா இருந்த நாள்ல வற்புறுத்தலை, வீட்டுக்குள்ளயே ஹாலுக்கும் அடுப்படிக்குமா பத்து நடை.

தினசரி காலண்டர்ல வெளிக்குப் போன நாளுக்கு அம்மாவையே ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். ரெண்டு நாள் புள்ளி விழலைன்னா டாக்டருக்குப் போன். வாயால சொல்லக் கூசினவங்க, பேனாவை எடுத்து வச்சுட்டுப் போயிடுவாங்க. நீங்க மகனா இருந்தா உங்ககிட்ட இன்னும் கூசுவாங்க. அக்காவோ மதினியோ யாரையாவது விட்டு இன்னைக்கே கேக்கச் சொல்லுங்க. நாலு நாள்னு உங்ககிட்ட சொல்லியிருந்தா அது ஆறு நாளாக்கூட இருக்கும்.