பழைய கார் வாங்கி ஏமாந்தால்… சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: டீலரிடம் 4.20 லட்சத்துக்கு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். மீட்டரில் 48,000 கி.மீ. காட்டியது. இரண்டே மாதத்தில் இன்ஜின் புகைகிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விசாரித்தால், வண்டி எப்போதோ ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். ‘உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்’ என்று என்னிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார் டீலர். இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். அந்தக் கையெழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். வண்டியின் வயதுக்கு ஏற்ற தேய்மானத்துக்குத்தான் ‘உள்ளது உள்ளபடி’ பொருந்தும். மீட்டரைத் திருப்பி விற்றது தேய்மானமல்ல, மோசடி. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17, 18-வது பிரிவுகளில் மோசடியும் தவறான தகவல் கொடுப்பதும் வருகின்றன. ஒரு வரி கையெழுத்து அதை மூடிவிடாது.

முதலில் இன்ஜினைப் பிரிக்காதீர்கள். பெரும்பாலான வழக்குகள் பலவீனமாவது இங்கேதான். அவசரப்பட்டு வேலை பார்த்துவிட்டால், குறை இருந்ததையே நிரூபிக்க முடியாமல் போகும். வண்டியை ஓட்டியே ஆக வேண்டிய நிலை என்றால், டீலருக்கு எழுத்தில் தெரிவித்து, வந்து பார்க்கச் சொல்லி, அதன்பிறகு வேலை பாருங்கள். கழற்றிய பாகங்களைக் குப்பையில் போடக் கூடாது.

அடுத்து சாட்சியங்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் ஹிஸ்டரியின் பிரதியைக் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸின் தேதியும் அன்றைய கிலோமீட்டரும் அதில் இருக்கும். உங்கள் கையில் இருப்பதிலேயே வலுவான ஆவணம் அதுதான். டீலரின் விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் செலுத்திய ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மின்னணுப் பதிவுகளைத் தாக்கல் செய்யும்போது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் இணைத்துவிட்டால் பின்னால் ஆட்சேபணை எழாது.

பிறகு 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, டீலர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முழுப் பணத்தையும் திரும்பக் கேளுங்கள்; ஆனால் அதை மட்டும் கேட்காதீர்கள். இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறீர்கள், ஆணையம் அதையும் கணக்கில் எடுக்கும். ‘அல்லது விலை வித்தியாசம், ரிப்பேர் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு’ என்று மாற்றுக் கோரிக்கையையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

“நான் வெறும் புரோக்கர், பழைய ஓனரைக் கேளுங்கள்” என்பார் டீலர். பழைய வண்டி டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிமையாளர் படிவம் 29-சி மூலம் வண்டியை அங்கீகாரம் பெற்ற டீலரிடம் ஒப்படைத்துவிட்டால், அதன்பின் டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரமே இல்லாத டீலர் என்றால் அதையும் மனுவில் சேருங்கள்.

கேள்வி: தெரிந்தவர் மூலம் உரிமையாளரிடமே நேரடியாக வாங்கினேன். கியர்பாக்ஸ் போய்விட்டது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: இங்கே நிலைமை கடினம். தன் சொந்த வண்டியை ஒருமுறை விற்பவர் வணிகர் அல்ல. அதனால் சிவில் நீதிமன்றம்தான். அங்கேயும் 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வாங்குபவரைத்தான் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. விற்றவர் வாயே திறக்காமல் இருந்தால், அந்த மௌனம் பொதுவாக மோசடியாகாது. நீங்கள் கேட்டு, அவர் பொய் சொல்லியிருந்தால் கதை வேறு. “கியர்பாக்ஸில் வேலை பார்த்திருக்கிறதா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டு “இல்லை” என்று வந்த ஒற்றைப் பதிலே உங்கள் வழக்கைத் தாங்கி நிற்கும். வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால் நிரூபிப்பது கஷ்டம்.

ரிப்பேர் செலவு முப்பது, நாற்பதாயிரம் என்றால் வழக்கு போடும்படி நான் சொல்ல மாட்டேன். தாலுகா அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது. அதிகாரபூர்வமான அழைப்பு வந்தாலே பலர் பேச உட்கார்ந்துவிடுவார்கள்.

கேள்வி: ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை.

பதில்: உடனே போலீஸில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள். திருட்டு வண்டியாக இருக்கலாம். தெரிந்தபின் வேறொருவர் தலையில் கட்டினால் நீங்களும் குற்றவாளி. உரிமையே இல்லாதவர் விற்றிருந்தால், சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி முழு விலையையும் திரும்பக் கேட்கலாம். ‘இது சிவில் விவகாரம்’ என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பப் பார்த்தால், விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பதைப் புகாரில் தெளிவாக எழுதி, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுக் குற்றத்துக்கான 318-வது பிரிவைக் குறிப்பிடுங்கள்.

கேள்வி: குறைக்கு வழக்கு நடக்கும்போது ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றலாமா? மாற்றினால் குறையை ஏற்றுக்கொண்டதாகிவிடாதா?

பதில்: உங்கள் ஆட்சேபணையை ஏற்கெனவே எழுத்தில் தெரிவித்திருந்தால் ஆகாது. பெயரை மாற்றாமல் ஓட்டுவதுதான் ஆபத்து. வாங்கிய 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரியிடமும், 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் தெரிவிக்க வேண்டும். விற்றவர் பெயரிலேயே பாலிசி இருக்கும்போது வண்டி மோதி நொறுங்கினால், மூன்றாம் நபருக்கான காப்பீடு மட்டுமே தானாக உங்கள் பெயருக்கு மாறியிருக்கும். உங்கள் வண்டிக்கான சேதத்துக்குப் பணம் வராது.