“உண்ட் ஸீ?”யா, “உண்ட் ஈனென்?”னா? ஜெர்மன் சிறு பதில்கள்: கேள்வி-பதில்

கேள்வி: “வீ கேட் எஸ் ஈனென்?” என்று நலம் விசாரித்தார்கள். “குட், டாங்கெ. உண்ட் ஸீ?” (நலம், நன்றி. நீங்கள்?) என்றேன். ஆசிரியர் திருத்தினார். ‘ஸீ’ மரியாதைச் சொல்தானே?

பதில்: மரியாதையில் குறை இல்லை, வேற்றுமையில்தான் குறை. அந்தக் கேள்வியின் எழுவாய் நீங்கள் இல்லை, ‘எஸ்’ (அது) என்ற சொல். நீங்கள் டாட்டிவில், அதாவது நம் ‘கு’ உருபின் இடத்தில் நிற்கிறீர்கள். திருப்பிக் கேட்கும்போது மீதி வாக்கியம் விழுந்துபோகும், வேற்றுமை விழாது. அதனால் “உண்ட் ஈனென்?”, நண்பரிடம் “உண்ட் டியர்?”. “நான் மதுரையிலிருந்து வருகிறேன்” என்று சொல்லிவிட்டுக் கேட்டால் மட்டும் “உண்ட் ஸீ?” சரி, அங்கே அவர் எழுவாய்.

ஆங்கிலம் வழியாக யோசிப்பதால்தான் இது தடுமாறுகிறது. தமிழில் யோசியுங்கள். “எனக்குப் பசிக்கிறது” என்று ஒருவர் சொன்னால் “எனக்கும்” என்போம், “நானும்” என்று வாயில் வரவே வராது. “நான் கிளம்புகிறேன்” என்றால் “நானும்”. ஜெர்மன் கேட்பதும் இதையேதான்.

அப்புறம் ஓர் எச்சரிக்கை: ஜெர்மன் வரிசையில் டாட்டிவ் மூன்றாவது, அக்குசட்டிவ், அதாவது நம் ‘ஐ’ உருபின் இடம், நான்காவது. தமிழிலோ ‘கு’ நான்காம் வேற்றுமை, ‘ஐ’ இரண்டாம் வேற்றுமை. எண்ணை வைத்துப் படிக்காதீர்கள், குழம்பிப்போவீர்கள்.

கேள்வி: அறிமுகமாகும்போது “ஃப்ராய்ட் மிஷ்” என்கிறார்கள். “இஷ் அவுஹ்” (நானும்) என்று பதில் சொல்லலாமா?

பதில்: கூடாது. “மிஷ் அவுஹ்.” முழு வாக்கியம் “எஸ் ஃப்ராய்ட் மிஷ்”, ‘இது என்னை மகிழ்விக்கிறது’. ‘என்னை’க்குப் பதில் ‘என்னையும்’தான். “டூட் மியர் லைட்” என்று வருத்தம் சொன்னவருக்கு, அதே முறையில், “மியர் அவுஹ்”.

கேள்வி: கடையில் “ஷோனன் டாக் நோஹ்!” (நாள் இனிதாகட்டும்) என்கிறார்கள். ‘டாக்’ (நாள்) ஆண்பால்தானே, ஏன் ‘ஷோனர்’ இல்லை? இதற்கு என்ன பதில் சொல்வது?

பதில்: நல்ல கேள்வி. “இஷ் வுன்ஷெ ஈனென் ஐனன் ஷோனன் டாக்” (உங்களுக்கு இனிய நாளை வாழ்த்துகிறேன்) என்பதன் வால் அது. வாழ்த்தப்படும் பொருள் அக்குசட்டிவில் வரும், ஆண்பாலில் அக்குசட்டிவ் முடிவு ‘-அன்’. “கூட்டன் மோர்கன்” (காலை வணக்கம்), “ஃபீலன் டாங்க்” (மிக்க நன்றி) எல்லாம் இந்தக் கணக்குத்தான். ‘நாஹ்ட்’ (இரவு) பெண்பால், ஆகவே “கூட்டெ நாஹ்ட்”. வார இறுதி அலிப்பால், ஆகவே “ஷோனஸ் வோஹனெண்டெ”.

வாழ்த்தைப் பெறுபவர் டாட்டிவ். எனவே பதில் “டாங்கெ, ஈனென் அவுஹ்”. “ஸீ அவுஹ்” என்று சொல்லிவிடாதீர்கள். “க்ளைஷ்ஃபால்ஸ்” (அப்படியே) என்றும் சொல்லலாம். அது வினையடை, வேற்றுமையும் கிடையாது, ‘டூ’வா (நீ) ‘ஸீ’யா (நீங்கள்) என்ற யோசனையும் வேண்டாம். ஆனால் எப்போதும் அதன் பின்னால் ஒளிந்துகொண்டால் ‘ஈனென்’ நாக்கில் பழகாது.

கேள்வி: இன்னும் காபி வேண்டுமா என்றார்கள். “டாங்கெ” என்றேன், தரவில்லை.

பதில்: அந்த இடத்தில் தனி “டாங்கெ” பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்றே எடுத்துக்கொள்ளப்படும். வேண்டுமென்றால் “யா, கெர்ன” (ஆமாம், மகிழ்ச்சியாக) அல்லது “யா, பிட்டெ” (ஆமாம், தயவுசெய்து).

கேள்வி: “நாளைக்கு வரமாட்டீர்களா?” என்று தோழி ஜெர்மனில் கேட்டாள். “யா” என்றேன். குழம்பிவிட்டாள்.

பதில்: நாம் “ஆமாம், வரமாட்டேன்” என்போம். ஜெர்மனில் வரப்போவதில்லை என்றால் “நைன்”, வருவதாக இருந்தால் “டொஹ்”. எதிர்மறைக் கேள்வியை மறுப்பதற்கென்றே உள்ள சொல் ‘டொஹ்’, அங்கே “யா” உதவாது. யாராவது “என்னிடம் கார் இல்லை” என்றால் (ஜெர்மனில் இங்கே ‘இஷ்’, அதாவது ‘நான்’, எழுவாய்) “இஷ் அவுஹ் நிஷ்ட்” (நானும் இல்லை) என்று சொல்லுங்கள். “இஷ் அவுஹ்” என்று நிறுத்தாதீர்கள், ‘நிஷ்ட்’ கட்டாயம் வேண்டும்.