கண்ணீர் வடிக்கும் கடல்நாய்க் குட்டி

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகன் ஃபார்ன் தீவுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு வீடியோ அனுப்பினான். பாறையோரம் வெள்ளைக் கடல்நாய்க் குட்டி ஒன்று தன்னந்தனியாகக் கண்ணீர் வடித்தபடி கிடக்கிறது. படகில் இருந்தவர்கள் கிட்டவே போகவில்லை. தூக்கிக் கடலில் விட ஒருவருக்கும் மனம் வரவில்லையே?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: நல்லவேளை, யாருக்கும் அந்த மனம் வரவில்லை அம்மா. வந்திருந்தால் குட்டி செத்தே போயிருக்கலாம்.

அந்த வெள்ளை ரோமம் கரைக் குளிரைத்தான் தாங்கும். தண்ணீரில் நனைந்து ஊறிவிடும். தோலுக்கடியில் கொழுப்பு சேராத குட்டி வட கடலில் விறைத்துப்போகும். கொழுப்பைச் சேர்ப்பது தாய்ப்பால். அதில் பாதிக்கு மேல் கொழுப்புதான். ஏறக்குறைய 14 கிலோ எடையில் பிறக்கும் குட்டி மூன்று வாரத்துக்குள் 40 கிலோவைத் தொட்டுவிடும். அந்த நாட்களில் தாய் பெரும்பாலும் இரையெடுக்காமல் தன் உடம்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கிறது. நடுநடுவே கடலில் இறங்கும். திரும்பிவந்து வாசனை பிடித்துத் தன் குட்டியைக் கண்டுபிடிக்கும். ஆட்கள் சூழ்ந்து நின்றால் கரையேறாது. அங்கே 100 மீட்டராவது தள்ளி நிற்கச் சொல்வது இதற்காகத்தான். சுமார் 18 நாளில் பால்குடி மறக்கடித்துவிட்டுத் தாய் போய்விடும். அதன்பின் குட்டி தனியாகக் கிடந்து, வெள்ளை ரோமம் உதிர்ந்து, தானாகவே கடலில் இறங்கும்.

கண்ணீரைப் பற்றிக் கேட்டீர்கள். நம் கண்ணீர் மூக்குக்குள் வடிந்துபோக ஒரு குழாய் இருக்கிறது. கடல்நாய்க்கு அது கிடையாது. சுரப்பதெல்லாம் முகத்தில்தான் வழியும், வயிறு நிறைந்திருந்தாலும்.

காயம்பட்டோ, கழுத்தில் வலை இறுகியோ கிடந்தால் கதை வேறு. அப்போதும் பயிற்சி பெற்ற மீட்புக் குழுவைத்தான் கூப்பிட வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், இதே இரக்கம் நம் மலையிலும் குட்டிகளை அநாதையாக்குகிறது. கவாத்து வெட்டும்போது தேயிலைச் செடிக்கடியில் சிறுத்தைக் குட்டி கண்ணில் படும். தாய் இரை தேடிப் போயிருக்கும். அதற்குள் குட்டியை மடியில் போட்டுப் பால் புகட்டி, செல்ஃபி எடுத்து, ஊரைக் கூட்டிவிடுகிறோம். கூட்டத்துக்கு நடுவே எந்தத் தாய் வரும்? எடுத்துப்போன குட்டி கூண்டிலேயே வளர வேண்டியதாகிவிடலாம். கிடந்த இடத்திலேயே விட்டால் பெரும்பாலும் இருட்டியதும் தாய் வந்து கவ்விக்கொண்டு போய்விடும். அதனால் குட்டியைத் தொடாதீர்கள். மேஸ்திரியிடம் சொல்லி அன்றைக்கு அந்தப் பக்கத்து வேலையை நிறுத்துங்கள், உடனே வனத்துறைக்குப் போன் போடுங்கள்.