வீட்டுக்குள் விளக்கொளியில் வளரும் தக்காளி, மிளகாய்ச் செடிகள் பூக்கும் நேரத்தில் இலை மஞ்சளாகிறது. என்ன குறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் நீங்கள் சொன்னதைச் சுருக்கிக்கொள்கிறேன். அறைக்குள் எல்.இ.டி. விளக்கின் கீழ், தேங்காய் நார்த்தூள் நிரப்பிய தொட்டிகளில் தக்காளியும் மிளகாயும் வளர்க்கிறீர்கள். பூ வரும்வரை செழிப்பாக இருந்தன. மொட்டு வந்ததும் பூப்பதற்கென்று விற்கும் உரத்துக்கு மாறினீர்கள். இப்போது அடி இலைகள் மஞ்சளாகின்றன, சிலவற்றின் ஓரம் கருகுகிறது, மிளகாயின் கொழுந்து சுருள்கிறது. இதற்கு என்ன உரம் போடலாம் என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு எதையும் போடாதீர்கள். வீட்டுக்குள் வளரும் செடிகள் சத்துக் குறையால் கெடுவதை விட, குறை இருப்பதாக நினைத்து மேலும் மேலும் ஊற்றியதால் கெடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தொட்டியில் ஊற்றியது தொட்டியிலேயே நிற்கும். மழை வந்து கழுவிக்கொண்டு போகாது.

முதல் வேலை, வளர்ப்பு விளக்கை அணைத்துவிட்டுச் சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் இலையைப் பார்ப்பது. சிவப்பும் நீலமும் கலந்த ஊதா வெளிச்சத்தில் எந்த இலையும் ஒரே நிறமாகத்தான் தெரியும். அந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தை வைத்து யாராவது நோயின் பெயர் சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது, கோளாறு செடியில் எந்த இடத்தில் தொடங்கியது என்று பாருங்கள். நிறத்தை விட இடம்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகியவற்றைச் செடியால் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது வளர்ச்சிக்கு அனுப்ப முடியும். அதனால் இவை குறைந்தால் அடி இலைதான் முதலில் வாடும். கால்சியம், இரும்பு, போரான் போன்றவை ஒருமுறை இலையில் போய் உட்கார்ந்துவிட்டால் அநேகமாக நகராது. இவை குறைந்தால் கொழுந்தில்தான் தெரியும். பூவும் பிஞ்சும் வந்ததும் செடியின் தேவை சட்டென்று ஏறிவிடுகிறது. வேரால் கொடுக்க முடியாததைச் செடி தன் அடி இலைகளிலிருந்தே உருவிக்கொள்கிறது. அதுவரை நன்றாக இருந்த செடி பூக்கும்போது மஞ்சளாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அடி இலையில் மூன்று விதமான மஞ்சளைப் பிரித்துப் பார்க்கலாம். நரம்பு உட்பட இலை முழுவதும் வெளிறினால் தழைச்சத்துக் குறை. நரம்பு பச்சையாக நின்று, நரம்புகளுக்கு இடையில் மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். ஓரத்தில் மஞ்சள் தொடங்கி, அந்த ஓரமே கருகி உள்ளே நகர்ந்தால் சாம்பல் சத்து. ஆனால் உப்பு மிஞ்சினாலும் ஓரம் கருகும். அப்போது இலை மஞ்சளாக இல்லாமல் கரும்பச்சையாக இருக்கும், நுனி மட்டும் காய்ந்திருக்கும். தொட்டியின் மேற்பரப்பிலோ விளிம்பிலோ வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்புறம், நிழலில் மாட்டிக்கொண்ட அடி இலை ஒன்றிரண்டு பழுத்து உதிர்வது இயல்பு, அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். மஞ்சள் அடுக்கடுக்காக மேலே ஏறினால்தான் கவலை.

உங்கள் தக்காளிக்கு என் கணிப்பு மெக்னீசியக் குறை. இரண்டு காரணங்கள் சொல்கிறேன். பூப்பதற்கென்று விற்கும் உரங்களில் சாம்பல் சத்தும் மணிச்சத்தும் கூடுதல். சாம்பல் சத்து மிஞ்சினால் அது மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் வேர் உறிஞ்ச விடாமல் போட்டி போடும். மணிச்சத்து மிஞ்சினால் இரும்பும் துத்தநாகமும் கிடைப்பது குறையும். இரண்டாவது காரணம் தேங்காய் நார்த்தூள். அது இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் நிறைந்தது. சரியாகப் பதப்படுத்தாத நார்த்தூள் அவற்றை வெளியே விட்டு, நீங்கள் ஊற்றும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த இரண்டும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் நடப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பூ என்ற பெயருள்ள உரம் போட்டால்தான் பூக்கும் என்று நினைப்பதற்கு அடிப்படை இல்லை. அதில் தழைச்சத்தை அளவுக்கு மீறிக் குறைத்திருந்தால் காய் பிடிக்கும் நேரத்தில் செடி பட்டினி கிடக்கும்.

இதை ஊகமாக விடாமல் சோதித்துக்கொள்ளலாம். தொட்டிக்கு அடியில் வடியும் நீரைப் பிடித்து அமில காரத் தன்மையை (பி.எச்.) பாருங்கள். நார்த்தூளுக்கு 5.5 முதல் 6.5 வரை, மண் கலவைக்கு 6 முதல் 6.8 வரை இருந்தால் நல்லது. இதற்கு வெளியே போனால் தொட்டியில் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்து இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி வெளிறியும் இருந்தால் இரும்புக் குறை. அதற்குக் காரணம் உரத்தில் இரும்பு இல்லாததை விட, காரத் தன்மை ஏறியதோ வேர் நீரில் ஊறியதோவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வடியும் நீரின் உப்பளவையும் இ.சி. மீட்டரில் (நீரின் மின்கடத்து திறனை அளக்கும் கருவி) பாருங்கள். நீங்கள் ஊற்றியதை விட வடிவது மிகவும் அதிகமாகக் காட்டினால் உள்ளே உப்பு சேர்ந்திருக்கிறது. அப்படியானால் தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நீரை மெதுவாக ஊற்றிக் கழுவிவிட்டு, அடுத்த முறையிலிருந்து உரத்தை நீர்த்துக் கொடுங்கள். கழுவும் நீரையும் அதே அமில காரத் தன்மைக்குக் கொண்டுவந்துவிட்டே ஊற்றுங்கள்.

உப்பு ஏறவில்லை, அமில காரத் தன்மையும் சரி, நரம்பிடை மஞ்சள் மட்டும் இருக்கிறது என்றால் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கொடுக்கலாம். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, விளக்கு அணைந்த பிறகு இலையில் தெளியுங்கள். கூடவே சாம்பல் சத்தைக் குறைக்காவிட்டால் அந்தத் தெளிப்பு சில நாள் சமாளிப்புதான்.

கால்சியம் வேறு ரகம். அது நீரோடு சேர்ந்து வேரிலிருந்து மேலே ஏற வேண்டியது. இலை நீரை ஆவியாக விட்டால்தான் ஏறும். எல்.இ.டி. விளக்கில் வெப்பக் கதிர் குறைவு, அதனால் இலை குளிர்ச்சியாகவே இருக்கும். அறையில் காற்றும் அசையாமல் ஈரப்பதமும் கூடுதலாக இருந்தால் செடி நீரை இழுப்பதே குறைந்துவிடும். அப்போது தொட்டியில் கால்சியம் கிடந்தும் கொழுந்து நெளியும், தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். ஒரு சின்ன மின்விசிறியும், தொட்டி ஒருநாள் காய்ந்து ஒருநாள் ஊறாதபடி சீரான நீரும் இதற்குப் பெரிய மருந்து. இலையில் தெளித்த கால்சியம் அங்கிருந்து காய்க்குப் போகாது, அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

இப்போது மிளகாயின் சுருளுக்கு வருகிறேன். இதை நான் சத்துக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன், முதலில் பூச்சி. இலை மேல்நோக்கிப் படகு போல் சுருண்டால் இலைப்பேன். அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் மினுக்கும், பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகளும் இருக்கும். கீழ்நோக்கிச் சுருண்டு, கொழுந்து தடித்துச் சொரசொரப்பாகி, மொட்டும் உதிர்ந்தால் முரணைச் சிலந்தி என்ற நுண்ணிய பேன். இது வெறும் கண்ணுக்குத் தெரியாது, நல்ல பூதக்கண்ணாடி வேண்டும். பலர் இதைக் கால்சியக் குறை என்று நினைத்து உரம் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், சிலந்தி பெருகிக்கொண்டே போகும். இலை மேல் ஊசி குத்தியது போல வெளிர்ப் புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் அது சிவப்புச் சிலந்தி, சூடும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம். மிளகாயில் சாம்பல் நோயும் ஏமாற்றும். மேலே வெறும் மஞ்சள் திட்டு, திருப்பிப் பார்த்தால் அடியில் வெண்பூஞ்சை. ஆகவே எந்த இலையானாலும் திருப்பிப் பாருங்கள்.

சிலந்தி என்று உறுதியானால் கெட்ட கொழுந்துகளைக் கிள்ளிப் பையில் கட்டி வெளியேற்றுங்கள், அந்தச் செடியைத் தனியாக வையுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலை விரிந்த பூக்கள் மேல் படாமல், விளக்கு அணைந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். எண்ணெய் பட்ட இலை எரியும் விளக்கின் கீழ் கருகிவிடும். முட்டையிலிருந்து புதிதாக வருபவை இருக்கும் என்பதால் ஒரு தடவையோடு நிறுத்த முடியாது.

விளக்கும் சந்தேகப் பட்டியலில் உண்டு. விளக்குக்கு மிக அருகில் இருக்கும் உச்சி இலைகள் மட்டும் வெளுத்து, மறைவில் இருப்பவை பச்சையாக இருந்தால் விளக்கை உயர்த்துங்கள். கை வைத்துச் சூடு தெரியவில்லை என்பதால் ஒளி அளவாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. தக்காளிக்கு 24 மணி நேரமும் விளக்கெரித்தால் இலையே வெளிறிக் கெட்டுப்போகும், இருட்டு அதற்கு அவசியம். தக்காளியின் அடி இலைகள் பச்சையாகவே இருந்து தோல் போல் தடித்து உள்நோக்கி மடிந்தால் மட்டும் பயம் வேண்டாம், விளைச்சல் அதனால் குறைவதில்லை.

எதைச் சரிசெய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கருகிய ஓரம் திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். மஞ்சள் அடுத்த அடுக்குக்கு ஏறாமல் நின்றதா, புதிதாக விரியும் கொழுந்து நேராக வருகிறதா என்பதை ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் பாருங்கள். அதற்குள் மிளகாய்க் கொழுந்தின் அடிப்பக்கத்தை வெள்ளை வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்து, வடிநீரின் அளவுகளோடு கேள்வியில் சேர்த்தால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும்.