வகுக்கும் எண் தெரியாமலே பகு எண் என்று அறிவது எப்படி?

கேள்வி: ஐந்தாம் படிவத்தில் படிக்கும் என் மகன், மூன்று லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைக் குறிப்பிட்டு, "இது பகு எண் என்று உறுதியாகிவிட்டது; ஆனால் இதை வகுக்கும் ஓர் எண்ணைக்கூட இன்னும் எவரும் கண்டுபிடிக்கவில்லை" என்கிறான். என் தந்தை தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். காலைப் பெரட்டில் நிற்கும் ஆட்களைச் சம வரிசைகளாகப் பிரித்துக் காட்டித்தான் எனக்கு வகுத்தலைக் கற்றுக்கொடுத்தார். பிரித்தே பார்க்காமல், சம வரிசைகளாகப் பிரியும் என்று எப்படிச் சொல்ல முடியும்?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் மகன் சொல்வது சரியே. அவர் குறிப்பிடுவது, 2-இன் 1,048,576ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் வரும் எண்ணாக இருக்க வேண்டும். அதற்கு 315,653 இலக்கங்கள். அது பகு எண் என்பதற்கான நிரூபணம் 1988இல் வெளியானது. ஆயினும், 1-ஐயும் அந்த எண்ணையும் தவிர, அதை மீதியின்றி வகுக்கும் வேறோர் எண் இன்றுவரை கிடைக்கவில்லை.

உங்கள் தந்தை காட்டியது பகு எண்ணுக்கு நேரடிச் சாட்சி. ஆனால் அது மட்டுமே சாட்சி அன்று. பகா எண்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குணத்தைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மா 1640இல் ஒரு கடிதத்தில் எழுதினார். 2-ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதைவிட ஒன்று குறைந்த எண்ணை 2-க்கு அடுக்காக வைத்துக் கணக்கிட்டு, வருவதை அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். மீதி வேறாக வந்தால் அந்த எண் பகா எண் அன்று.

பெரட்டில் 91 பேர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். பார்வைக்குப் பகா எண் போலவே தோன்றும் எண் அது. 2-இன் 12ஆம் அடுக்கு 4,096. 91-ஐ 45 முறை எடுத்தால் 4,095. ஆகவே மீதி 1. பன்னிரண்டு பன்னிரண்டாக ஏழு முறை சென்றால் 84ஆம் அடுக்கு வரை மீதி 1-ஆகவே நிற்கும். 90-ஐ எட்ட இன்னும் ஆறு அடுக்குகள். 2-இன் 6ஆம் அடுக்கு 64. இறுதி மீதி 1 அன்று, 64. ஆகவே 91 பகு எண். ஏழு வரிசைகளில் பதின்மூன்று பேராக அவர்களை நிறுத்த வேண்டிய தேவையே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவதால்தான், கணக்கு எவ்வளவு நீண்டாலும் கைக்கு அடங்குகிறது.

உங்கள் மகன் சொன்ன எண் பெர்மா எண்கள் என்ற வகையைச் சேர்ந்தது. 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போகும் எண்களில் ஒன்றை 2-க்கு அடுக்காக வைத்து, வருவதோடு 1-ஐக் கூட்டினால் கிடைப்பவை அவை. அந்த வகையில் 2-ஐ வைத்துச் சோதித்தால் எப்போதும் மீதி 1-தான் வரும் என்பதால் அதற்கு 3-ஐப் பயன்படுத்துகிறார்கள். 1877இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பெப்பான் தந்த முறைப்படி, 3-இல் தொடங்கி 1,048,575 முறை வர்க்கப்படுத்தி மீதியை எடுத்துக்கொண்டே வந்து, கடைசி மீதி அந்த எண்ணைவிட ஒன்று குறைவாக இருந்தால் அது பகா எண், இல்லையெனில் பகு எண் என்று தீர்மானிக்கலாம். இங்கே அப்படி வரவில்லை. அதை வகுப்பது எது என்று அந்த மீதி சொல்லாது. தேடல் அதனால்தான் இன்னும் தொடர்கிறது. இவ்வகையின் சிறிய எண்களில் ஒன்றான 4,294,967,297-ஐப் பகா எண் என்றே பெர்மா நம்பினார். அதை 641 வகுக்கும் என்று கணித அறிஞர் ஆய்லர் 1732இல் காட்டினார்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். 2-ஐ வைத்துச் செய்யும் சோதனையில் மீதி 1 வந்துவிட்டது என்பதாலேயே ஓர் எண்ணைப் பகா எண் என்று முடிவுகட்டக் கூடாது. 341-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2-இன் 10ஆம் அடுக்கான 1,024-ஐ 341-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 340ஆம் அடுக்கிலும் மீதி 1. ஆனால் உங்கள் தந்தை 341 பேரை 11 வரிசைகளில், வரிசைக்கு 31 பேராக, ஒருவரும் மிஞ்சாமல் நிறுத்தியிருப்பார்.