ரூபெல்லா ஊசியும் கருவின் செல்லும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு ஒன்பது மாதம் முடிகிறது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் உறவினர் ஒருவர், இது கலைக்கப்பட்ட சிசுவிலிருந்து செய்த மருந்து என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். என் மனைவிக்கு மனசே ஆறவில்லை. இது உண்மையா? உண்மையென்றால் போடுவது பாவமில்லையா?

ஒரு தகப்பன், தென்காசி

அன்புள்ள நண்பருக்கு,

உண்மைதான், ஆனால் பாதி. மீதியையும் சொல்கிறேன்.

1962இல் ஸ்வீடனில் சட்டப்படி கலைக்கப்பட்ட ஒரு கருவின் நுரையீரல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனது. விஸ்டார் ஆய்வு நிறுவனத்தில் லியனார்ட் ஹேஃப்ளிக் அதிலிருந்து வளர்த்த செல்களுக்கு டபிள்யூஐ-38 என்று பெயர். அப்போதே பெருக்கி உறையவைத்ததால் அவை இன்றும் இருக்கின்றன. தடுப்பூசி வைரஸை இப்படிப்பட்ட செல்களில் வளர்த்துப் பிரித்தெடுக்கிறார்கள். இதற்காகப் புதிதாக எந்தக் கருவையும் கலைப்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். நம்மூரில் போடும் ரூபெல்லா வைரஸின் வகை ஆர்ஏ 27/3. அந்த 27, இந்த ஊசியை உருவாக்கிய ஸ்டான்லி பிளாட்கின் சோதித்த 27ஆவது கரு; அதிலிருந்துதான் இந்த வைரஸ் கிடைத்தது. 1964-65இல் அமெரிக்காவில் ரூபெல்லா பரவியபோது, நோய் கண்ட கர்ப்பிணிகள் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயந்து கருவைக் கலைத்தார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. அப்போது ஏறத்தாழ 20,000 குழந்தைகள் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு என்று பிறவியிலேயே பாதிப்போடு பிறந்தன. ஆசையாய்ச் சுமந்த பிள்ளையைத்தான் அந்தப் பெண்கள் இழந்தார்கள். ஊசி பரவலான பிறகு அந்த நோயே அங்கே அற்றுப்போனது. 2015இல் அமெரிக்கக் கண்டங்கள் முழுவதிலும் ஒழிந்ததாக அறிவித்தார்கள். கருக்கலைப்பை மனதார வெறுப்பவர்கள்தான் இந்த ஊசிக்கு முதலில் குரல் கொடுக்க வேண்டும். வாடிகனின் உயிர்நல அமைப்பே 2005இல், மாற்று இல்லாத இடத்தில் பெற்றோர் இதைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னது.

என் ஆதங்கம் வேறு இடத்தில். அந்த ஸ்வீடன் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமலே எடுத்தார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை, அது அநியாயம். கருத்திசுவைப் பிறருக்குப் பொருத்தும் ஆராய்ச்சிக்கு அமெரிக்கா 1993இல் சட்டம் போட்டது: கலைப்பதென்று பெண் முடிவெடுத்த பிறகுதான் திசுவைக் கேட்கலாம், விலைக்கு வாங்கக் கூடாது. இந்த வரம்புக்குள் நடக்கும் ஆராய்ச்சியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

பாவமில்லை. பிள்ளைக்கு ஊசியைப் போடுங்கள். ஒன்றரை வயதை ஒட்டி இரண்டாம் தவணை வரும், அதையும் விட்டுவிடாதீர்கள்.