கிளட்ச் பெடல் சொல்லும் சேதி: கேள்வி பதில்

காலையில் கிளட்ச் பெடல் அப்படியே தரை வரை போய்விடுகிறது. நாலைந்து முறை மிதித்தால் சரியாகிறது. பிளேட் தேய்ந்துவிட்டதா?

பிளேட்டைச் சந்தேகிக்க வேண்டாம். மிதிக்க மிதிக்கச் சரியாகிறது என்றால் கோளாறு, பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில் பக்கம்தான். லைனில் காற்று புகுந்திருக்கும், இல்லை மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) சீல் தேய்ந்திருக்கும். முதலில் பானெட்டைத் திறந்து ஆயில் மட்டத்தைப் பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். கிளட்சுக்குப் போகும் குழாய் அதில் சற்று மேலே இருக்கும். கிளட்ச் பக்கம் கசிந்தாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்சட்டும் என்ற ஏற்பாடு அது. அதனால் மட்டம் இறங்கினால் முதலில் படுப்பது கிளட்ச். ஊற்றி நிரப்பியதோடு விட்டுவிடாமல், ஆயில் எங்கே போனது என்று தேடுங்கள்.

தேடிவிட்டேன். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லையே?

பெடலுக்கு மேலே, தள்ளு கம்பி இன்ஜின் பக்கச் சுவருக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் அங்கேதான் கசியும், கார்ப்பெட் அதைக் குடித்துவிடும். அடுத்து கியர்பாக்ஸ் பக்கம், அந்த ஆயில் அழுத்தத்தை வாங்கி கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்று விலக்குங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சீல் போய்விட்டது. சில கார்களில் ஸ்லேவ் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். அது கசிந்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும், அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. சொட்டியது எந்த ஆயில் என்று குழப்பமா? தண்ணீரில் ஒரு துளி விடுங்கள். இன்ஜின் ஆயில் மிதக்கும், பிரேக் ஆயில் கரைந்துவிடும்.

எங்குமே ஈரம் இல்லை, ஆனால் பெடலை மிதித்தபடி வைத்திருந்தால் மெல்ல இறங்குகிறது என்றால், மாஸ்டருக்குள்ளேயே ஆயில் சீலைத் தாண்டிப் போகிறது. மாஸ்டரை மாற்றிவிடுங்கள்.

காற்றை நானே எடுக்கலாமா?

தாராளமாக. கூட ஒரு ஆள் வேண்டும். ஸ்லேவில் இருக்கும் நிப்பிளில் (காற்றை வெளியேற்றத் திறக்கும் திருகு) கண்ணாடி போன்ற டியூபை மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்குங்கள். அவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்கட்டும். நீங்கள் நிப்பிளைத் திறந்து, குமிழி வந்ததும் மூடி, அப்புறம்தான் பெடலை விடச் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் வெளியேற்றிய காற்றை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். குமிழி நிற்கும் வரை தொடருங்கள். நடுநடுவே டப்பாவைப் பார்க்க மறக்காதீர்கள், அது காலியானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அடியில் படுக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். பெயின்டில் ஆயில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அவசரத்துக்குப் பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றிவிட்டேன். பரவாயில்லையா?

வண்டியை எடுக்காதீர்கள். அது ரப்பர் சீல்களை உப்ப வைக்கும். டப்பா பொதுவானது என்றால் பிரேக்கும் போகும். இதில் சிக்கனம் பார்ப்பது ஆபத்து. மூடியில் டாட் 3, டாட் 4 என எந்த பிரேக் ஆயில் ரகம் போட்டிருக்கிறதோ அதையே, சீல் உடைக்காத டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டும். திறந்து வைத்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அது 155 வரைகூட இறங்கிவிடும்.

பெடல் கல்லாக இருக்கிறது.

பெரும்பாலும் ஆயில் கோளாறு இல்லை. கிளட்சின் உள்பாகங்களான பிரஷர் பிளேட், பேரிங், ஃபோர்க்கை மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டி சூடானதும் கிளட்ச் வழுக்குகிறது, இன்ஜின் வேகமாகச் சுற்றினாலும் வண்டி இழுப்பதில்லை, ஆறினால் சரியாகிவிடுகிறது.

நல்ல கேள்வி. பிளேட்டை மாற்றச் செலவு செய்யும் முன் ஒன்று செய்யுங்கள். வழுக்கும் நேரத்தில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, காலை எடுத்துவிட்டு நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சூடு பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயில் பீச்சியடித்து, அதற்குப் பிறகு வழுக்கல் நின்றால், லைனில் அழுத்தம் திரும்ப வழியில்லாமல் மாட்டியிருக்கிறது. மாஸ்டரின் தள்ளு கம்பியில் துளிகூட இடைவெளி இல்லாவிட்டால் இப்படி ஆகும், உப்பிய சீலும் இதையே செய்யும். பீச்சாமல் சும்மா கசிந்தால் பிளேட்தான்.